பரக்கத், ரெண்டு, மூணு

நர்ஸ் மர்சலினுக்கு வயது நாற்பத்திமூன்று. அவளுடைய இரண்டு கால்களுக்கும் அறுபது தாண்டியிருந்தது. இருபத்திரண்டு வருஷம் நின்றுகொண்டே சம்பாதித்தவளுக்குக் கால்தானே முதலில் கிழடாகும்? சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறை வீடு. அப்பா பவுல்சாமி முப்பது வருஷம் கோயில் மணியடித்து, கடைசியில் தனக்கும் அடிக்க வைத்துப் போய்ச் சேர்ந்தார். தம்பி இக்னேஷியஸ் ரயில்வேயில் சேர்ந்து விழுப்புரத்தோடு போய்விட்டான். கிறிஸ்துமஸுக்குக் கடிதம் போடுவான், அதிலும் பாதி அவன் பெண்டாட்டியின் கையெழுத்து.

கல்யாணம் என்று ஒன்று பேசி முடித்து, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தார்கள். மாப்பிள்ளை ரங்கூனுக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். அந்தச் சேதியை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில், நாலு பேர் காதில் விழ ஒரு பெண்பிள்ளை மர்சலினிடம் சொன்னாள். நல்லதுக்குத்தான் சொன்னாளாம். மர்சலின் ஒரு வாரம் அழுதாள், எட்டாம் நாள் டியூட்டி இருந்தது, போய்விட்டாள். ரங்கூன்காரனை என்றைக்கோ மன்னித்தாயிற்று. வாசலில் வைத்துச் சொன்னவளை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை. எதிரே வந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவாள்.

வேலை லஸ் பக்கம், எட்டுப் படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமில். அதன் டாக்டர் ரகுபதி யுத்தத்தில் பர்மா எல்லை வரை போய்விட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தில் ஒரு மீசையோடும் ஒரு புது மருந்தோடும் திரும்பி வந்தார். மீசையை வீட்டு அம்மாள் ஒரே மாதத்தில் எடுக்க வைத்துவிட்டாள். மருந்து நிலைத்துவிட்டது. அதன் பெயர் பென்டத்தால். நோயாளிகளுக்கு அது தூக்க ஊசி.

அதற்கு முன்னால் எல்லாம் குளோரோபாரம்தான். மூஞ்சியில் வலைமூடியை வைத்துச் சொட்டுச் சொட்டாக விடும்போது நோயாளி உதைக்கிற உதையை மர்சலினின் விலா எலும்பைக் கேட்டால் சொல்லும். இந்த ஊசியில் அந்தக் கூத்து இல்லை. சின்னக் கண்ணாடிக் குப்பியில் வெளிறிய மஞ்சள் தூள். குப்பியின் கழுத்தை அரத்தால் கீறி, பஞ்சை வைத்து ஒடித்து, காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டால் கரையும். முழங்கை மடிப்பில் நரம்பைப் பிடித்து மெல்ல ஏற்றினால் அரை நிமிஷத்தில் ஆள் போய்விடுவான். போவது என்றால் அந்தப் போவது அல்ல. கட்டியைக் கீறவோ எலும்பைக் கூட்டவோ ஒரு பத்து நிமிஷம், பிறகு திரும்பி வந்து, நாக்கில் வெங்காய வாசனை அடிக்கிறது என்று புகார் சொல்வான்.

பட்டாளத்தில் சிப்பாய்களை நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வார்களாம். டாக்டர் அதையே மயிலாப்பூரிலும் செய்து பார்த்தார். முதல் ஆளே ஒரு வக்கீல் வீட்டு மாமி. "குறைச்சிண்டே வந்து பூஜ்யத்துல கொண்டு நிறுத்தறதா? நன்னாயிருக்கு டாக்டர்! நான் மாட்டேன்" என்று மேஜையிலிருந்து இறங்கப் பார்த்தாள். அன்றிலிருந்து ஒன்று, இரண்டு என்று ஏறு வரிசைதான். நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே எண்ணுவது மர்சலினின் வேலை. குரல் நின்றதும் "நின்னுட்டுது சார்" என்பாள். அந்தச் சொல்லுக்கு டாக்டரின் கட்டைவிரல் மருந்தை ஏற்றுவதை நிறுத்தும். பெரும்பாலோர் பன்னிரண்டுக்குள் நின்றுவிடுவார்கள். வீட்டில் படுத்தாலும் மர்சலினின் உதடு எண்ணிக்கொண்டே இருக்கும். நானூறு, ஐந்நூறு வரை போவாள். தூக்கம் மட்டும் வராது.

போகும்போது எண்ணிக்கொண்டு போகிறவர்கள், வரும்போது சும்மா வருவதில்லை என்பதுதான் சங்கடம். கதவு திறந்ததும் முதலில் நாக்கு வெளியே ஓடி வந்துவிடும். புத்தி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னால் வரும். அந்த இடைவெளியில் உளறுவதைக் கேட்கப் பக்கத்தில் மர்சலின்தான் உட்கார்ந்திருப்பாள். ஒரு ஹெட்மாஸ்டர் தாம் மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை தவறியதைச் சொன்னார். ஒரு மருமகள் மாமியாரின் மோர்க்குழம்பைப் பத்து வருஷமாகப் புகழ்ந்ததெல்லாம் பொய் என்றாள். சிரிக்கிற மாதிரி சங்கதி கொஞ்சம், சிரிக்க முடியாதது நிறைய. கேட்டதை மர்சலின் ஒருவரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியாராவது அபராதம் விதித்து, ஆசீர்வாதம் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டுப் போகலாம். இவளுக்கு அதுவும் இல்லை. எல்லாவற்றையும் அந்த வலிக்கிற காலில் சுமந்துகொண்டு சாந்தோமுக்கு நடந்தாள்.

ஆபரேஷன் அறைக்குப் பின்னால் சின்னதாக ஒரு அறை. அங்கே மண்ணெண்ணெய் அடுப்பில் ஊசிகளையும் கத்திகளையும் கொதிக்க வைக்கிறவள் ஆயா ஜைதூன் பீ. மீர்சாகிப்பேட்டைக்காரி, மூன்று பிள்ளை பெற்றவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். ஜைதூன் கொதிக்க வைப்பாள், மர்சலின் முனை மழுங்கிய ஊசிகளைக் கல்லில் தீட்டுவாள், இரண்டு பேரும் அந்த அடுப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்து மத்தியானக் கஞ்சியைக் குடிப்பார்கள். ஏழு வருஷமாக இப்படித்தான். மர்சலினுக்கு இந்தப் பட்டணத்தில் மனுஷர் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒருத்திதான்.

ஜைதூனின் புருஷன் அப்துல் கஃபார் ஒரு அரிசி மண்டியில் அளவுக்காரர். படியைக் கையில் எடுத்தால் ராஜா. மண்டியில் சிந்தும் அரிசியைச் சாயங்காலம் கூட்டி எடுத்துக்கொள்வது அளவுக்காரரின் உரிமை. ரேஷன் அரிசியில் பாதி வயிறுதான் நிறையும் என்கிற அந்தக் காலத்தில் அது லேசுப்பட்ட சொத்தில்லை. வாரத்துக்கு ஏழு படி தேறும். தேறிக்கொண்டுதான் இருந்தது. பிறகு நாலு படியாகக் குறைந்தது. "அரிசியே வரல, எங்க சிந்தறது?" என்றார் கஃபார். ஜைதூன் கஞ்சியில் தண்ணீரைக் கூட்டினாள்.

நாற்பத்தைந்து ஐப்பசி மழையில் கஃபாருக்குத் தோள்பட்டைக்குக் கீழே ராஜபிளவை என்கிற சீழ்க்கட்டி புறப்பட்டது. படி தூக்க முடியவில்லை, படுக்க முடியவில்லை. ஜைதூன் அழுது கேட்டதும் டாக்டர் இலவசமாகவே கீறிவிடச் சம்மதித்தார். கஃபாரைப் பக்கவாட்டில் படுக்க வைத்தார்கள். மர்சலின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பாய், ஒண்ணுலேர்ந்து எண்ணுங்க" என்றாள்.

"பரக்கத்," என்றார் கஃபார். "பரக்கத்தே... பரக்கத். ரெண்டு... ரெண்டே... ரெண்டு."

டாக்டர் திடுக்கிட்டு ஊசியை நிறுத்தினார். "என்ன மர்சலின், மருந்து உள்ள போறதுக்குள்ளயே உளற ஆரம்பிச்சுட்டார்?"

"உளறல் இல்ல சார். ஒண்ணுக்குத்தான் அப்படிச் சொல்றார். அளக்கறவங்க வழக்கம்."

மண்டியில் ஒருவரும் ஒன்று என்று தொடங்க மாட்டார்கள். ஒன்று என்று வாய்விட்டால் அது ஒன்றோடு நின்றுவிடுமாம். செட்டியார் கடையில் முதல் படி 'லாபம்', கஃபார் கையில் அது 'பரக்கத்', அதாவது பெருகட்டும். அடுத்த படி விழும்வரை அந்த எண்ணையே ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தால்தான் கணக்குத் தப்பாது. கஃபார் அன்று அப்படியே அளந்துகொண்டு போய், ஆறாவது படியில் நின்றார். "நின்னுட்டுது சார்" என்றாள் மர்சலின்.

கீறி, சீழ் எடுத்து, கட்டுப் போட்டாயிற்று. டாக்டர் கை கழுவப் போனார். ஜைதூன் அடுப்படியில் கத்திகளைக் கொதிக்கப் போட்டுக்கொண்டிருந்தாள். கஃபாரின் உதடு அசைந்தது.

"பரக்கத்... ரெண்டு... மூணு... நாலு. மூட்டையக் கட்டு. இது மீர்சாகிப்பேட்ட வூட்டுக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பரக்கத்... ரெண்டு... மூணு. இது ஈக்காட்டுத்தாங்கலுக்கு. கைசரு, கைசர் ஜஹான்... கொயந்தைக்கு மொதல்ல ஊட்டு. அழாத. ஜைதூனுக்குத் தெரியாது. தெரியவே தெரியாது."

மர்சலின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. ஏழு எப்படி நாலாயிற்று என்பதற்கு இதைவிடச் சுத்தமான கணக்கு வேண்டுமா? ரங்கூன் எங்கேயோ இல்லை, சைதாப்பேட்டையைத் தாண்டி நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

ஜைதூன் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். "முழிச்சிக்கினாரா? இன்னா சொன்னாரு நர்சம்மா? எதுனா பேசினாரா?"

"ஒண்ணும் சொல்லல. சும்மா எண்ணிக்கினே இருந்தாரு" என்றாள் மர்சலின்.

அதற்கப்புறம் ஒன்றே முக்கால் வருஷம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவள் மறைக்க வேண்டியதே சோறாக இருந்தது. தினமும் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து ஜைதூன் தூக்கைத் திறக்கும்போது, உள்ளே தண்ணீரில் பருக்கை நீந்துவதை மர்சலின் பார்த்தாள். "எனக்கு அஜீர்ணம் ஜைதூன், இதையும் நீ குடி" என்று தன்னுடையதைத் தள்ளுவாள். இரண்டு வருஷமாக ஒரு மனுஷிக்கு அஜீர்ணம் என்றால் எந்த ஆயாதான் நம்புவாள்? ஜைதூன் நம்பின மாதிரிதான் குடித்தாள்.

ஒரு நாள் அவள் குடிக்கவில்லை. தூக்கை மூடி வைத்துவிட்டு, கொதிக்கிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நர்சம்மா, எதுவோ கீது. எனக்குத் தெரியும். வெள்ளிக்கியம ஆனா எங்கியோ போறாரு, மூஞ்சி பார்த்துப் பேச மாட்டேன்றாரு. அன்னிக்கு அந்த மயக்கத்துல எதுனா சொன்னாரா? அல்லா மேல ஆணையா கேக்கறேன், சொல்லு."

மர்சலின் கல்லில் ஊசியைத் தீட்டிக்கொண்டே இருந்தாள். சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் சொன்ன மறு நிமிஷம் ஜைதூனின் மூஞ்சி எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். கோயில் வாசலில் தன் மூஞ்சி போன மாதிரிதான். அப்புறம் ஆயுசுக்கும் சொன்னவளைப் பார்த்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் போவாள். ஆபரேஷன் அறையில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்ற தொழில் தர்மமும் இருக்கிறது. இரண்டில் எது பெரிய காரணம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கவும் தெம்பில்லை.

"அதான் அன்னிக்கே சொன்னேனே. எண்ணிக்கினுதான் இருந்தாரு" என்றாள். ஊசி முனை விரலில் குத்தியது.

நாற்பத்தேழு ஆடி மாதத்தில், ஒரு நாள் காலையிலிருந்து மூன்றாவது கேஸ். யானைக்கும் அடி சறுக்கும், மர்சலினோ இரண்டு நாளாகத் தூங்காத மனுஷி. பஞ்சு வைக்காமல் வெறும் கையால் குப்பியின் கழுத்தை ஒடித்துவிட்டாள். கண்ணாடி இடது உள்ளங்கையில் இறங்கியது. டிங்சர் தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். அடுத்தவர் புண்ணுக்கு மணிக்கணக்கில் ஒத்தடம் கொடுக்கிற நர்ஸ்மார் தங்கள் புண்ணைப் பார்க்க நேரம் ஒதுக்குவதில்லை. நாலாம் நாள் கை பன் ரொட்டி போல வீங்கி, முழங்கை வரை சிவப்புக் கோடு ஏறியது.

டாக்டர் பார்த்ததும் சத்தம் போட்டார். "கையையே இழந்திருப்ப! நாளைக்குக் காலைல முதல் வேலை இதுதான். பென்டத்தால் போட்டுக் கீறிடலாம்."

"ஊசி வேண்டாம் சார்," என்றாள் மர்சலின். "அப்படியே கீறிடுங்க. நான் தாங்கிப்பேன்."

"உள்ளங்கையையா? பட்டாளத்துல கர்னலே கதறியிருக்கான். உனக்கு என்ன பயம்? இருநூறு பேருக்குக் குப்பி உடைச்சவ நீ."

இருநூறு பேருக்கு உடைத்ததால்தான் பயம். மேஜைமேல் படுத்த இருநூறு பேரில் வாயைக் கட்டினவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியாதா? ஹெட்மாஸ்டரின் மெட்ரிகுலேஷன் போனால் போகிறது. ஈக்காட்டுத்தாங்கல் வெளியே வந்தால்? அதுவும் பக்கத்தில் ஜைதூன் உட்கார்ந்திருக்கும்போது? டாக்டரிடம் காரணம் சொல்ல முடியவில்லை. "சரி சார். ஆனா நான் முழிக்கறப்ப ஜைதூன் வேண்டாம். அவ அழுவா. எங்கயாவது அனுப்பிடுங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். டாக்டருக்கு அது விசித்திரமாகப் பட்டாலும் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலையில் ஜைதூனிடம் சீட்டுக் கொடுத்து, மாம்பலத்தில் ஒரு மருந்துக் கடையிலிருந்து கட்டுப் போடுகிற காஸ் துணி வாங்கி வரும்படி அனுப்பினார். மாம்பலம் போய் வர எப்படியும் ஒன்றரை மணி நேரம். மர்சலின் ஜன்னல் வழியாக அவள் போவதைப் பார்த்துவிட்டுத்தான் மேஜையில் ஏறினாள்.

அவளிடம் இன்னொரு யோசனையும் இருந்தது. எதைச் சொல்லிக்கொண்டு போகிறோமோ அதையே சொல்லிக்கொண்டுதான் திரும்பி வருகிறார்கள் என்பது அவளுடைய கணிப்பு. கஃபார் அளந்துகொண்டே போனார், அளந்துகொண்டே வந்தார். ஆகவே எண்ணுவதே வேண்டாம், ஜெபம் சொல்லிக்கொண்டு போவோம், ஜெபத்தோடு வருவோம் என்று முடிவு செய்திருந்தாள்.

"எண்ணு மர்சலின்," என்றார் டாக்டர்.

"பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க," என்றாள் மர்சலின். "கர்த்தர் உம்முடனே. ஸ்திரீகளுக்குள்..."

நாக்கின் அடியில் வெங்காய வாசனை வந்தது. ஓ, இதைத்தான் இருநூறு பேரும் சொன்னார்களா என்று நினைத்தாள். கால் வலி நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நின்றது. அது மட்டும்தான் நினைவு.

கண்ணைத் திறந்தபோது கட்டுப் போட்ட கை தலையணைமேல் இருந்தது. இன்னொரு கை ஜைதூனின் கைக்குள் இருந்தது. அவள் மாம்பலம் போகவே இல்லை. "உன்னை மேஜையில போட்டுட்டு நான் துணி வாங்கப் போவணுமா? முக்குல ஒருத்தனாண்ட சீட்டக் குடுத்தனுப்பிட்டு வந்துட்டேன். பக்கத்துல நான்தான் குந்திக்கினு இருந்தேன்" என்றாள்.

மர்சலினுக்கு வாய் உலர்ந்தது. "நான் எதாவது சொன்னேனா?"

ஜைதூன் ஈரத் துணியால் அவள் உதட்டைத் துடைத்தாள். "ஒண்ணும் சொல்லல நர்சம்மா. சும்மா எண்ணிக்கினே இருந்தே. தூங்கு."

கர்த்தர் காப்பாற்றினார் என்று மர்சலின் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபிறகுதான் உறைத்தது. அவள் எண்ணவே இல்லையே, ஜெபம் அல்லவா சொன்னாள்? அதோடு அந்த வார்த்தை, 'சும்மா எண்ணிக்கினே'. அது அவளுடைய வார்த்தை. அவள் இரண்டு தடவை கொடுத்த பொய்யை ஜைதூன் மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். எழுந்து உட்கார வேண்டும் என்று நினைத்தாள். மருந்தின் மிச்சம் அவளைத் திரும்பவும் இழுத்துக்கொண்டு போனது.

இரண்டாம் நாள் சாந்தோமுக்கு ரிக்ஷாவில் வந்து சேர்ந்தாள். ஜைதூன் வரவில்லை. மூன்றாம் நாள் வரவில்லை. நாலாம் நாள் நர்சிங் ஹோமிலிருந்து கட்டு மாற்ற வந்த பெண், "ஆயாம்மா லீவு போட்டிருக்காங்க" என்றாள். மர்சலின் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஒரு குடும்பம் கெட்டது. ஏழு வருஷச் சிநேகிதமும் கெட்டது. கைதான் பிழைத்தது. இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கதவைத் தட்டாமல் ஜைதூன் உள்ளே வந்தாள். உட்காரவில்லை. அடுப்பை மூட்டினாள். மடியிலிருந்த துணிப்பையை அவிழ்த்து, ஆழாக்கில் அரிசியை முகந்து, மர்சலினைப் பார்த்துக்கொண்டே பானையில் போட்டாள்.

"பரக்கத்," என்றாள். "இப்பிடித்தான் எண்ணினே. நாலு மீர்சாகிப்பேட்டைக்கு, மூணு ஈக்காட்டுத்தாங்கலுக்கு. திரும்பத் திரும்ப மூணு வாட்டி. அப்புறம் அழுதே. ஜைதூனுக்குத் தெரியாது, ஜைதூனுக்குத் தெரியாதுன்னு."

ஜைதூன் அடுத்த ஆழாக்கை முகந்தாள்.

"போனேன். சைதாப்பேட்ட வரைக்கும் பஸ்ஸு, அப்பால நட. மசிராண்ட புடிச்சி இழுத்துப் போடணும்னுதான் போனேன். போய் பார்த்தா, இருவது வயசு கீது அந்த கைசர் ஜஹானுக்கு. எலும்பும் தோலும். இடுப்புல ஒரு பொண்ணு. நான் யாருன்னு சொன்னதும் உள்ள ஓடி ஒளிஞ்சா. ஒளியறதுக்குக்கூட அந்த வூட்டுல எடமில்ல, நர்சம்மா. கோணிக்குப் பின்னாடி காலு தெரியுது. நான் அப்பிடியே நின்னுக்கினு இருந்தேன்."

கஞ்சியைக் கிளறினாள்.

"வாரத்துக்கு எவ்ளோ குடுக்கறாருன்னு கேட்டேன். ரெண்டு படின்னா."

"மூணுன்னுதானே அவரு..."

"மூணு அளந்தாரு. ரெண்டுதான் போய்ச் சேந்துது. நடுவுல ஒரு படிய வித்து, கிண்டியில குதிரை மேல கட்டிட்டாரு, மண்டியில கேட்டப்பதான் தெரிஞ்சுது. என்னிய ஏமாத்தினாரு சரி. அவளையும் ஏமாத்திக்கினு கீறாரு."

மர்சலினுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதி வழியில் அழுகையாயிற்று. ஜைதூன் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"நேரா மண்டிக்குப் போனேன். மொதலாளியாண்ட நின்னேன். இனிமே கூட்டற அரிசி என் கையிலதான் வரும். நாலு எனக்கு, மூணு அவளுக்கு. நானே கொண்டு போய்ப் போடுவேன்."

"பாய் என்ன சொன்னாரு?"

"அவரு இன்னா சொல்றது? அளக்கறதுதானே அவரு வேல, அளக்கட்டும்." ஜைதூன் கரண்டியை வைத்துவிட்டு முதல் தடவையாக மர்சலினுக்கு எதிரே உட்கார்ந்தாள். "அவரு கத வுடு. ஆம்பள. நீ இன்னாத்துக்கு மறைச்சே?"

"டியூட்டியில கேட்டதை வெளிய சொல்லக்கூடாது, ஜைதூன்."

"நான் டியூட்டியில கேக்கல. அடுப்பாண்ட கேட்டேன். அல்லா மேல ஆணையா கேட்டேன்."

தொழில் தர்மம் அந்த அடுப்பு வரை நீளவில்லை என்று மர்சலினுக்கும் தெரியும். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாத ரங்கூன் கதையைச் சொன்னாள். கோயில் வாசலைச் சொன்னாள். சொன்னவளைக் கண்டால் இன்றைக்கும் தெருவைத் தாண்டிப் போவதைச் சொன்னாள்.

"நீ என்னை அப்படிப் பார்த்துடக் கூடாதுன்னுதான். உன் வீட்டுக்காக இல்ல. எனக்காகத்தான். எனக்கு நீ ஒருத்திதான் இருக்கே."

கஞ்சி பொங்கியது. ஜைதூன் எழுந்துபோய் இறக்கினாள், உப்புப் போட்டாள், குண்டானில் ஊற்றி ஆற்றினாள். மர்சலினின் இடது கை உதவாது என்பதால் தானே பிடித்துக்கொண்டு குடிக்க வைத்தாள். கெட்டியான கஞ்சி.

"கோவம் போயிடுச்சா?" என்று கேட்டாள் மர்சலின்.

"எங்க போவும்? அங்கியேதான் கீது. கை ஆறட்டும், உன்னாண்ட ஒரு சண்ட பாக்கி கீது. சீக்குக்காரியாண்ட சண்ட போட்டேன்னா நாளைக்கு நாலு பேரு என்னியத்தான் பேசுவாங்க." குண்டானைக் கழுவிக் கவிழ்த்தாள். "சாஞ்சுக்கோ. நீ தூங்கினப்புறம் போறேன்."

மர்சலின் படுத்தாள். வெளியே கடல் காற்று கொடியில் கிடந்த துணியை அடித்துக்கொண்டிருந்தது. பழக்கதோஷம், உதடு அசைய ஆரம்பித்தது.

"இன்னா முணுமுணுக்கறே?"

"எண்ணறேன். தினமும் எண்ணுவேன். தூக்கம் வராது, எண்ணிக்கிட்டே கிடப்பேன்."

"யாரும் கேக்காம நீயா எண்ணிக்கினா எப்பிடி வரும்?" ஜைதூன் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, நல்ல கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எண்ணு. நான் கேக்கறேன்."

"ஒண்ணு..."

"ஒண்ணு இல்ல."

"பரக்கத்," என்றாள் மர்சலின். "ரெண்டு. மூணு."

காலையில் கோயில் மணி அடித்தபோதுதான் கண் விழித்தாள். பக்கத்தில் பாய் சுருட்டி வைத்திருந்தது, அடுப்பின் மேல் மிச்சக் கஞ்சி மூடியிருந்தது. முந்தின இரவு அவள் எத்தனையில் நின்றாள் என்பது ஜைதூனுக்கு மட்டும்தான் தெரியும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.